மாடு மேய்க்கப் போனவர்கள்

"ஒழுங்காப் படி, இல்லேன்னா மாடு மேய்க்கத்தான் போவே." ஞாயிறு ஆராதனைக்குத் தவறாத வீடுகளிலும் இந்த மிரட்டல் கேட்கிறது. சொல்கிறவருக்குப் பிள்ளைமேல் அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் அதே பிள்ளை ஓய்வுநாள் பாடசாலையில் என்ன கதை கேட்டு வருகிறது? முட்செடி எரிவதை மோசே கண்டது, மாமனாரின் ஆடுகளை மேய்க்கப் போன இடத்தில். சாமுவேல் பெத்லகேமுக்கு வந்த அன்று ஈசாயின் மூத்த பிள்ளைகள் எல்லாரும் அவர்முன் வந்து நின்றார்கள். தாவீது மட்டும் ஆடுகளோடு வெளியே இருந்தான். ஆமோஸ் மந்தை மேய்த்தவர், காட்டத்திப் பழம் பொறுக்கியவர். எலிசா ஏர் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் எலியா வந்து தம் சால்வையை அவர்மேல் போட்டார். எந்த வேலையைக் காட்டி நாம் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோமோ, அந்த வேலையில் இருந்தவர்களைத்தான் கர்த்தர் தேடிப்போய் அழைத்திருக்கிறார்.

வேலை என்பது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆதியாகமம் அப்படிச் சொல்லவில்லை. ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பு இரண்டாம் அதிகாரத்திலேயே ஆதாமுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. முள்ளும் வேர்வையும் வந்தது மூன்றாம் அதிகாரத்தில். களைப்பும் சலிப்பும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. வேலையோ தேவன் மனிதனை நம்பி ஒப்படைத்த முதல் காரியம். ஆண்டவராகிய இயேசுவை அவருடைய சொந்த ஊரார் தச்சர் என்றே அறிந்திருந்தார்கள். சுமார் முப்பது வயதில் அவர் ஊழியம் தொடங்கும்வரை, சுவிசேஷங்கள் அதிகம் பேசாத அந்த ஆண்டுகளில், நாசரேத்தில் அவர் கை மரத்தை இழைத்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு இதை வசனமாகச் சொல்லிக்கொடுப்பது எளிது. வீட்டில் நாம் நடந்துகொள்வது அதற்கு நேர்மாறாக இருக்கிறது. "பொய் சொன்னியா? போய்ப் பாத்திரத்தைத் தேய்." இப்படி ஒரு தரம் சொன்னாலே போதும், பாத்திரம் தேய்ப்பது குற்றவாளி செய்கிற வேலை என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும். அந்த வீட்டில் நாள்தோறும் பாத்திரம் தேய்க்கிற அம்மாவைப் பற்றி அது என்ன நினைக்கும்?

ஐந்து வயதுக் குழந்தை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவ ஆசைப்படும். காம்போடு சேர்த்து உருவும். பழுத்த இலையும் கூடவே வரும். பாதி தரையில் கிடக்கும். "நீ கெடுக்கிறே, எழுந்து போய் விளையாடு" என்று அனுப்பிவிடுகிறோம். பதினைந்து வயதில் கூப்பிட்டால் அது வருவதில்லை. சோம்பேறி என்று பெயர் வைக்கிறோம். அன்றைக்குப் பொரியலில் நாலு காம்பு கிடந்தால் கிடக்கட்டும். "பாப்பா ஆய்ஞ்ச கீரை" என்று சொல்லி அப்பா இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளட்டும். தன் கையால் வீட்டுக்குச் சோறு சேர்ந்தது என்ற அந்தச் சந்தோஷத்தை எந்தப் போதனையாலும் ஊட்ட முடியாது.

பிள்ளைகளை வேலைக்குப் பழக்குவதற்கு ஓர் எல்லையும் உண்டு. இத்தாலியின் துரின் நகரில் ஏழைப் பையன்களைச் சேர்த்து வளர்த்த டான் போஸ்கோ, தச்சுத் தொழில் கற்கப் போன ஒரு சிறுவனுக்காக 1852-ல் எழுத்துமூலம் ஓர் ஒப்பந்தம் செய்தார். தவறு செய்தால் முதலாளி வாயால் திருத்தலாம், அடிக்கக் கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது. பலத்துக்கு மிஞ்சிச் சுமத்தக் கூடாது. திருநாள்களில் விடுப்பு உண்டு, ஆண்டுக்கு 15 நாள் விடுமுறையும் உண்டு. சிறுவர்களை மாடாக உழைக்கவிட்ட காலம் அது. வேலையை அவ்வளவு மேலாக மதித்தவர்தான் அந்தப் பையனின் முதுகையும் அவ்வளவு கவனமாகக் காத்தார். படிக்கிற நேரத்தையும் விளையாடுகிற நேரத்தையும் பிடுங்கிக்கொண்டு "வேலை பழக்குகிறேன்" என்று சொல்கிறவர்கள் அந்த ஒப்பந்தத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேலையோடு ஓய்வையும் பழக்க வேண்டும். ஓய்வுநாளைப் பற்றிய நான்காம் கற்பனையைப் பிள்ளைகளுக்கு முழுவதுமாகச் சொல்லிக்கொடுங்கள். ஓய்வுநாள் நமக்கு மட்டும் வாய்த்ததல்ல. வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலுக்குள் இருக்கிற அந்நியன் என்று எல்லாரையும் யாத்திராகமம் 20 பெயர் சொல்லி ஓய்வில் சேர்க்கிறது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை சம்பளத்தோடு விடுப்பு கொடுத்துவிட்டு, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட தட்டுகளை அப்பா கழுவ, பிள்ளைகள் துடைத்து அடுக்கட்டும். திங்கட்கிழமை அந்த அக்கா வரும்போது, "வாங்கக்கா, நேத்து நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?" என்று பிள்ளையே கேட்கட்டும்.