தொண்டுக்குப் பட்டம் தகுமா?

தொண்டு செய்பவரைப் பாராட்டினால் தொண்டு வளரும் என்பர் சிலர். பாராட்டை எதிர்பார்க்கத் தொடங்கினால் தொண்டு தூய்மை இழக்கும் என்பர் வேறு சிலர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. அவ்வாறாயின் நாம் எவ்வழியைக் கொள்வது?

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் 'ஆர்டர் ஆஃப் தி ஆரோ' எனும் அமைப்பு ஒன்று உண்டு. டெலவேர் ஆற்றிடைத் தீவாகிய ட்ரெஷர் ஐலண்டில், பிலடெல்பியா சாரணர்களின் கோடைப் பாசறையில், 1915ஆம் ஆண்டு அது தோன்றியது. அதை நிறுவியோர் பாசறையை நடத்திய அர்னர் குட்மன், கேரல் எட்சன் ஆகிய இளைஞர் இருவர். சாரணர் வாக்குறுதியையும் சட்டத்தையும் அன்றாட வாழ்வில் கடைப்பிடித்தோரைச் சிறப்பிப்பதே அவர்களின் நோக்கம்.

இவ்வமைப்பில் இரண்டு செய்திகள் நம் சிந்தனைக்குரியன. முதலாவது, தேர்தல் முறை. ஒருவரின் தகுதிக்குச் சாரணத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். ஆயினும் வாக்களிப்போர் அவருடைய படையைச் சேர்ந்த சிறுவர்களே. அவர்களுள் பெரும்பாலோர் இவ்வமைப்பின் உறுப்பினர் அல்லாதவராகவும் இருக்கலாம். கூடாரம் அடித்தபோதும், பாத்திரம் கழுவியபோதும் உடனிருந்தவர்களின் கண்ணை ஏமாற்றுதல் அரிது. மேலிருப்போர் முன் நல்லவராய் நடிப்பது எளிது. உடனுறைவோர் முன் நெடுநாள் நடிக்க இயலாது.

இரண்டாவது, தேர்வானவர் முதலில் பெறுவது விருந்தன்று. அவர் பேசாமல் இருக்க வேண்டும். குறைவாக உண்ண வேண்டும். இரவில் தனித்து உறங்க வேண்டும். பகலில் பாசறைக்காக உழைக்க வேண்டும். அதன் பின்னரே சிவப்பு அம்பு பொறித்த வெண்பட்டை தோளில் ஏறுகிறது. ஆகவே பட்டம் முடிந்த பணிக்குக் கூலியாகாமல், வரும் பணிக்கு அழைப்பாகிறது.

எனினும் இவ்வமைப்பும் குறையற்றதன்று. அதன் சடங்குகளும் பெயர்களும் லெனாப்பே எனும் பழங்குடியினரின் மொழியையும் மரபையும் தழுவி அமைந்தன. அம்மக்களோ அந்த ஆற்றங்கரையிலிருந்தே துரத்தப்பட்டவர்கள். நிலத்தை இழந்தவரின் அடையாளத்தைப் பிறர் அணிகலனாகப் பூணலாமா என்ற வினா எழுந்தது நேர்மையே. பணிவைப் போற்றும் அமைப்பும் தன் கண்ணுக்குப் புலப்படாத அயலாரை மறந்துவிடக்கூடும் அன்றோ?

எனவே பாராட்டுவது தவறன்று எனக் கொள்வோம். ஆனால் பாராட்டுவோர் யார், அது எப்பணிக்கு நம்மை அழைக்கிறது, அதனால் எவர் மறக்கப்படுகின்றனர் என்னும் மூன்றையும் வினவுவோம். நம் சங்கங்களில் பொன்னாடை போர்த்தும் முன்னும் இவ்வினாக்களை எழுப்பினால், மேடைகள் சில குறையலாம், தொண்டு குறையாது.