நாணய மாற்றும் நாணயமும்

 

நம் தாய்மொழியில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். முதல் நாணயத்தை மாற்றும்போது இரண்டாவது நாணயம் கைநழுவிப் போகாமல் காப்பது எப்படி என்பதையே இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டோம்.

சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரு காலத்தில் ஒரே வெள்ளியைப் புழங்கின. 1967-இல் தனித்தனி நாணயங்கள் வந்தன. வந்த பிறகும் 1973 மே மாதம் வரை ஒன்றுக்கு ஒன்று என்றே மாற்றிக்கொள்ள முடிந்தது. பின்னர் வழிகள் பிரிந்தன. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி சுமார் மூன்றரை ரிங்கிட்டாக ஏறி நின்றது. விகிதம் சாதகமாயிருக்கும் நாளில் கடற்பாலம் தாண்டி ஜொகூர் பாருவில் சாமான் வாங்குவதும், கைத்தொலைபேசி வழியே வெளிநாட்டுக் கடைகளிலிருந்து தருவிப்பதும் நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டன.

இது கூடுமா என்று சிலர் ஐயுறுகின்றனர். தாராளமாகக் கூடும். தங்கத்துக்குத் தங்கம் மாற்றினால் சம எடையாக இருக்க வேண்டும். இனம் வேறுபட்டால் விரும்பிய விலைக்கு மாற்றலாம், ஆனால் கைக்குக் கை முடிய வேண்டும் என்று அண்ணல் பெருமானார் (ஸல்) அவர்கள் விதித்ததை உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியிருக்கிறது. சிங்கப்பூரின் சேஞ்ச் அலி சந்து 1989-இல் மூடப்படும்வரை அங்கே நாணய மாற்றுத் தொழில் நடத்தியவர்களில் தமிழ் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். ஆகவே இத்தொழிலும் இதன் ஒழுங்கும் நம் சமுதாயத்துக்குப் புதியவை அல்ல.

இன்றைய நம் நிலைக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒட்டக வியாபாரம் செய்தார்கள். தீனாருக்கு விற்றுவிட்டுத் திர்ஹமாக வாங்குவார்கள். சில வேளை திர்ஹமுக்கு விற்றுத் தீனாராக வாங்குவார்கள். இது தகுமா என்று நாயகம் (ஸல்) அவர்களிடமே சென்று கேட்டார்கள். நாயகம் அவர்கள் தடுக்கவில்லை. இரண்டு நிபந்தனைகளை மட்டும் வைத்தார்கள். அன்றைய நாள் விலைப்படியே மாற்ற வேண்டும். இருவருக்குமிடையே பாக்கி எதுவும் நிற்காமல் பிரிய வேண்டும். அபூதாவூத், நஸாயீ முதலிய ஹதீஸ் நூல்களில் இதைக் காணலாம்.

இவ்விரு நிபந்தனைகளையும் நம் வீட்டு நடைக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஜொகூரில் இருக்கும் மச்சான், சிங்கப்பூரிலுள்ள ராத்தாவுக்காக 330 ரிங்கிட் கொடுத்துச் சாமான் வாங்குகிறார். அன்று வெள்ளிக்கு 3.30 ரிங்கிட் எனக் கொள்வோம். கணக்கு 100 வெள்ளி. ராத்தா இரண்டு மாதம் கழித்துக் கடனைத் தீர்க்கிறார். அதற்குள் விகிதம் 3.00 ஆகிவிட்டது. அவர் கொடுக்க வேண்டியது 100 வெள்ளியா? அன்று. கடன் 330 ரிங்கிட். தீர்க்கும் நாளின் விலைப்படி அது 110 வெள்ளி. விகிதம் மாறாக 3.60-க்கு ஏறியிருந்தால் ஏறத்தாழ 92 வெள்ளி போதும். மச்சான் முகம் சுளிக்கக் கூடாது. அதே மச்சான் சிங்கப்பூர் வெள்ளிக் கணக்குள்ள வங்கி அட்டையால் வாங்கிக் கொடுத்திருந்தாலோ, வங்கி எத்தனை வெள்ளி எடுத்ததோ அதுவே கடன்.

உறவினருக்காக வாங்குகிறவர் அமானிதம் சுமக்கிறார். விகிதத்தால் மிச்சமான பணம், வாங்கச் சொன்னவருடையது. போக்குவரத்துக்கும் உழைப்புக்கும் கூலி வேண்டுமானால் முதலிலேயே வாய்திறந்து கேட்கட்டும், அது ஹலால். விகிதத்துக்குள் ஒளித்து எடுப்பது ஹலால் ஆகாது. வாங்கும்போது நிறைவாக அளந்து, கொடுக்கும்போது குறைத்து அளப்போரைத் திருமறையின் 83-ஆம் அத்தியாயம் வன்மையாகக் கண்டிக்கிறது. வாங்குவதற்கு ஒரு விகிதம், கொடுப்பதற்கு வேறொரு விகிதம் என்று வைத்துக்கொள்வோர் அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப ஓதிப் பார்க்க வேண்டும்.

இனிச் சுங்கத்தைக் கவனிப்போம். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டுத் திரும்பும் சிங்கப்பூர்வாசிக்கு வரிவிலக்கு 100 வெள்ளி மதிப்புக்குத்தான்; அதற்கு மேல் தங்கியிருந்தால் 500 வெள்ளி. மிகுதிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. விமானத்திலோ தபாலிலோ வரும் பொருள் 400 வெள்ளிக்கு மேற்பட்டால் இறக்குமதியின்போது வரி கட்ட வேண்டும். மலேசியாவிலும் 2024 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி தருவிக்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கப்படுகிறது. சிலர் விற்பவரிடம், “விலையைக் குறைத்து எழுதுங்கள், அன்பளிப்பு என்று போடுங்கள்” என்கின்றனர். நூறு வெள்ளியை மறைத்தால் மிஞ்சுவது ஒன்பது வெள்ளி. ஒன்பது வெள்ளிக்கு ஒரு பொய்ச் சாட்சியமா? உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு நம்மைப் பணிக்கும் மார்க்கம் அல்லவா நம் மார்க்கம்!

மலிவு என்பதே வீண்விரயத்துக்கு வாசலாகிவிடலாம். தேவைப்படாத பொருள் பாதி விலைக்குக் கிடைத்தாலும் செலவு செலவுதான். வங்கிகள் பல, வெளிநாட்டுச் செலவுக்குச் சுமார் மூன்று விழுக்காடு கட்டணம் வைக்கின்றன. ‘உங்கள் நாட்டு நாணயத்திலேயே செலுத்துகிறீர்களா’ என்று கடைக்காரர் கேட்டால், அவர் சொல்லும் விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். கடன் அட்டையில் வாங்கி, தவணை தவறி வட்டி கட்டினாலோ விகிதத்தில் கண்ட இலாபமும் போய்விடும். வட்டியின் பாவமும் வந்து சேரும்.

ஆகவே சகோதரர்களே! விகிதம் சாதகமாக வரும்போது வாங்குங்கள். அல்லாஹ் அளித்த வசதி அது. வாங்கிய பொருளின் சீட்டையும் அன்றைய விகிதத்தையும் எழுதி வையுங்கள். பாக்கியை நீட்டாதீர்கள். பத்து வெள்ளி வேறுபாட்டால் பெருநாளன்று பேசாமல் போகும் உறவுகள் வேண்டா. வெள்ளியும் ரிங்கிட்டும் ஏறும், இறங்கும். முஃமினின் நாணயம் மட்டும் என்றும் ஒரே விலையில் நிற்கட்டும்.

ஹலாலான சம்பாத்தியத்தையும், அதில் பரக்கத்தையும், கணக்கில் நேர்மையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.