ஒரு செங்கல் இடைவெளி

ராக் குழுவின் கிடார் கலைஞர் முதன்முதலாகத் தன் பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டால், ரசிகர்கள் எதற்காகக் காத்திருப்பார்கள் என்பது தெரிந்ததுதான். குழுவுக்குள் இடம் கிடைக்காமல் தேங்கிய பாடல்கள், நேரக் கட்டுப்பாடு இல்லாத கிடார் வாசிப்பு, முன்வரிசைக்கு வந்துவிட்ட அவருடைய குரல். 1968 நவம்பர் 1 அன்று ஜார்ஜ் ஹாரிசன் வெளியிட்ட ‘வொண்டர்வால் மியூசிக்’ தட்டில் இவை எதுவும் இல்லை. 19 சிறு துண்டுகள். அவர் பாடிய பாட்டு என்று ஒன்றும் கிடையாது. கேட்பதில் பெரும்பகுதி மற்றவர்களின் கைகளிலிருந்தும் மூச்சிலிருந்தும் வருவது.

பீட்டில்ஸ் குழுவில் அவருக்கு இருந்த இடம் சிறியது. லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிக் குவித்த காலம். ஒரு தட்டில் ஹாரிசனுக்கு ஒன்றோ இரண்டோ, சில சமயம் மூன்றோ பாடல்கள். அப்படி இருந்தவருக்கு ஒரு முழுத் தட்டு கையில் வந்தபோது வயது 24. அதை அவர் என்ன செய்தார் என்பதைத்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

தட்டு பிறந்தது ஒரு திரைப்படத்துக்காக. ஜோ மாசோ இயக்கிய ‘வொண்டர்வால்’. தனியாக வாழும் ஒரு விஞ்ஞானி, சுவரில் ஒரு துளை கண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையை அதன் வழியே பார்க்கத் தொடங்குகிறார். விஞ்ஞானியாக ஜாக் மக்கவுரன், பெண்ணாக ஜேன் பர்கின். படத்தில் பேச்சு குறைவு. இசைக்கு இடம் நிறைய. படத்துக்கு இசையமைக்கத் தனக்குத் தெரியாது என்று ஹாரிசன் தயங்கியிருக்கிறார். நீங்கள் எதைக் கொடுத்தாலும் வைத்துக்கொள்கிறேன் என்று மாசோ சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார். கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காட்சியும் எத்தனை விநாடி என்று குறித்து, அந்த அளவுக்கு இசையைச் செய்தார்.

இந்தியாவின் வாத்தியங்களை மேற்கின் காதுகளுக்கு அறிமுகம் செய்யும் ஒரு சிறு தொகுப்பாக இதை ஆக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தன் முதல் தட்டில் தன்னையல்ல, தான் கேட்டு மயங்கியவற்றை முன்னால் வைக்க வேண்டும் என்று ஓர் இளைஞருக்குத் தோன்றியது எப்படி?

*

1965இல் ‘ஹெல்ப்’ படப்பிடிப்பில், உணவகக் காட்சி ஒன்றுக்காகக் கிடந்த சித்தாரை அவர் முதலில் கையில் எடுத்துப் பார்த்தார். அந்த ஆண்டே ஒரு பீட்டில்ஸ் பாடலில் அதை வாசித்தும்விட்டார். முறையாக எதுவும் தெரியாமல், காதால் தேடி வாசித்தது அது. 1966 ஜூனில் லண்டனில் சித்தார் மேதை ரவிசங்கரைச் சந்தித்தார். செப்டம்பரில் பம்பாய் வந்து அவரிடம் உட்கார்ந்தார்.

ஹாரிசன் பல முறை நினைவுகூர்ந்த ஒரு சம்பவம் உண்டு. பாடத்தின் நடுவே தொலைபேசி ஒலித்தது. எழுந்து சித்தாரைத் தாண்டி நடந்தார். ரவிசங்கர் அவர் காலில் ஓர் அடி வைத்து, வாத்தியத்துக்கு மரியாதை வேண்டும் என்றார். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்த நமக்கு இது விளக்கம் தேவையில்லாத விஷயம். லிவர்பூலின் பேருந்து ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைக்கு, உலகமே கொண்டாடும் குழுவில் இருந்த ஒருவருக்கு, அது புதிது. அந்த அடியை அவர் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் அதைச் சொல்லும்போதெல்லாம் நன்றியோடுதான் சொன்னார். இந்தத் தட்டின் விதை அந்த அறையில் விழுந்தது என்றே நினைக்கிறேன்.

*

1968 ஜனவரி, பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோ. அங்கே ஸ்டீரியோவில் பதிவுசெய்யும் வசதி இல்லை. கிராமபோன் கம்பெனியில் இருந்த பாஸ்கர் மேனன், இரண்டு டிராக் பதிவுக் கருவி ஒன்றைக் கல்கத்தாவிலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். திருவனந்தபுரத்தில் பிறந்த இந்த மேனன் பின்னாளில் ஈ.எம்.ஐ.யின் உலகளாவிய இசைத்தொழிலுக்கே தலைவரானவர். ஸ்டூடியோவின் சுவர்கள் தெருச் சத்தத்தை முழுதாகத் தடுக்கவில்லை. உற்றுக் கேட்டால் சில துண்டுகளில் டாக்சி போவது கேட்கும் என்று ஹாரிசனே சொன்னார். லண்டனில் இதைவிட நல்ல வசதிகளோடு பதிவுசெய்து பழகிய ஒருவர், இரண்டு டிராக்கோடும் தெரு இரைச்சலோடும் வேலை செய்யச் சம்மதித்தார். வேண்டிய கலைஞர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

அவர்கள் பெயர்களைச் சொல்ல வேண்டும். சரோத் ஆஷிஷ் கான்: அலாவுதீன் கானின் பேரன், அலி அக்பர் கானின் மகன். தபலாவும் பக்வாஜும் மகாபுருஷ் மிஸ்ரா. சந்தூர் சிவகுமார் சர்மா. ஷெனாய்க்கு சரத் குமார், ஹனுமான் ஜாதேவ். தார் ஷெனாய் விநாயக் வோரா. சித்தாருக்கு ஷம்பு தாஸ், இந்திரநீல் பட்டாச்சார்யா. ஷம்பு தாஸ் 1966இல் ஹாரிசனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர். இந்தக் கூட்டத்தின் நடுவே ஹாரிசன் சித்தாரோடு உட்காரவில்லை. மெட்டைச் சொன்னார், அளவைச் சொன்னார், பிறகு கேட்டார்.

*

முதல் துண்டு ‘மைக்ரோப்ஸ்’. ஷெனாய் இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் விட்டும் மெல்ல ஊர்கின்றன. நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஷெனாய் சற்றே அடங்கிய குரல். கோயில் பிராகாரத்தின் முழக்கம் அதில் இல்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருக்கும் ஒரு தனிமையான மனிதருக்கு இந்த ஒலியைக் கொடுக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

‘லவ் சீன்’ துண்டில் ஆஷிஷ் கான் தன் சரோத் வாசிப்பின் மேலேயே இன்னொரு முறை வாசித்திருக்கிறார். ஒரே கலைஞர், இரண்டு குரல்கள், கேள்வியும் பதிலும். லண்டனில் கற்ற பதிவு உத்தியை ஹாரிசன் அவருக்குக் கொடுத்தார். அதற்குள் என்ன பேசுவது என்பது சரோத்துக்கு விடப்பட்டது. இந்தத் தட்டில் இரண்டு மரபுகளும் உண்மையாகவே கைகோத்தது இங்கேதான் என்பது என் எண்ணம்.

‘கத் கிர்வாணி’ நம் காதுக்கு உடனே பழக்கமாகிவிடும். நம்முடைய கீரவாணிதான், 21ஆவது மேளகர்த்தா. தெற்கிலிருந்து இந்துஸ்தானிக்குப் போன ராகம். அதன் ஸ்வரங்களை மேற்கில் ஹார்மானிக் மைனர் என்பார்கள். இளையராஜாவின் பாடல்கள் வழியே அந்த ராகம் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகள் வரை வந்து சேர்ந்துவிட்டது. ஹாரிசன் இதையெல்லாம் அறிந்து தேர்ந்தாரா என்பதைவிட, அந்த ஸ்வரங்கள் அவர் காதுக்கு அந்நியமாக இருந்திருக்க முடியாது என்பதே எனக்கு முக்கியம்.

ஓர் உறுத்தலையும் இங்கே எழுதிவிட வேண்டும். எழுதியவர் என்று தட்டில் வருவது ஹாரிசன் பெயர் மட்டுமே. சரோத்தும் தபலாவும் அந்தக் கணத்தில் உருவாக்கிக்கொண்டு போகும் ஒரு கத் (தாளத்தோடு வாசிக்கும் இந்துஸ்தானி வாத்திய உருப்படி) வாசிப்புக்கு ஒரே ஒருவரை ஆசிரியர் என்று எப்படிச் சொல்வது? வாசித்தவர்களின் பெயர்களை அட்டையில் அச்சிட்டது அந்தக் காலத்துக்கு நல்ல செயல். ஆனாலும் இந்த இசையில் அவர்களுக்கு இருந்த பங்கு அதைவிடப் பெரியது. ஹாரிசனை நேசித்துக்கொண்டே இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

*

லண்டனில் பதிவான பகுதிகளில் எல்லாமே எனக்கு நெருக்கமில்லை. ரீமோ ஃபோர் குழுவினர் வாசித்த சில துண்டுகள் காட்சியோடு சேர்ந்தால்தான் நிற்கும். ‘ட்ரீம் சீன்’ வேறு. பின்னோக்கி ஓடும் ஒலிநாடாக்கள், மிதந்து வரும் குரல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட கனவு. லெனன் ‘ரெவல்யூஷன் 9’ செய்வதற்குச் சில மாதங்கள் முன்பே இது முடிந்துவிட்டது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

‘ஸ்கீயிங்’ துண்டுக்குத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். தட்டில் கிடார் உண்மையாகவே சீறும் இடம் அது. இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்தக் கிடார் எரிக் கிளாப்டனுடையது. கிடார் கலைஞரின் முதல் தட்டில், கிடாரின் உச்சம் நண்பரின் விரல்களில். அது முடிந்த கையோடு கீரவாணி தொடங்குகிறது.

1968 செப்டம்பரில், தான் எழுதிய ‘வைல் மை கிடார் ஜென்ட்லி வீப்ஸ்’ பாடலின் தனி வாசிப்பையும் ஹாரிசன் கிளாப்டனிடமே கொடுத்தார். பெயரிலேயே கிடார் இருக்கும் பாடல் அது. இது தன்னம்பிக்கைக் குறைவு என்று சிலர் படிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பம்பாயில் சில நாட்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவர், பாட்டுக்கு எந்தக் கை தேவையோ அதைத் தேடப் பழகியிருந்தார்.

*

அட்டைப்படம் பாப் கில் வரைந்தது. கறுப்புக் கோட்டும் தொப்பியும் அணிந்த ஒருவர், உயரமான செங்கல் சுவருக்கு முன்னால். சுவருக்கு மறுபுறம் நீராடும் பெண்கள். ஒரு செங்கல்லையாவது எடுத்துவிடுங்கள் என்று ஹாரிசன் கேட்டுக்கொண்டார். அந்த மனிதருக்கு மறுபுறத்தைப் பார்க்க ஒரு வாய்ப்பாவது இருக்கட்டும் என்றாராம். படத்தில் அந்த இடைவெளி இருக்கிறது.

*

அதே 1968இல் அவர் சித்தாரை விட்டார். ரவிசங்கரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் சிறு வயதிலிருந்தே நாள் முழுக்கச் சாதகம் செய்தவர்கள். அந்த உயரத்துக்குத் தான் போய்ச்சேர முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. உன் வேர் எது என்று ரவிசங்கரும் கேட்டார். கிடாருக்குத் திரும்பினார்.

ஆனால் திரும்பியது பழைய கிடாருக்கு அல்ல. 1969 இறுதியிலிருந்து அவர் ஸ்லைடு, அதாவது விரலில் மாட்டிய குழலைத் தந்திகளின் மேல் வழுக்கி வாசிக்கும் கிடார், வாசிக்கத் தொடங்கினார். 1970இல் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ என்ற மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பு வந்தபோது அந்த ஒலி முழுமையாகியிருந்தது. தேங்கிய பாடல்களும் முன்வரிசைக்கு வந்த குரலும் அதில்தான். அந்த ஸ்லைடில் ப்ளூஸ் கலைஞர்களின் கரகரப்பு குறைவு. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி நெடுகப் பாடிக்கொண்டே போகிறது. கமகம் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் எழாது.

‘வொண்டர்வால்’ தட்டில் ‘க்ரையிங்’ என்று ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் ஒரு துண்டு இருக்கிறது. விநாயக் வோராவின் தார் ஷெனாய். எஸ்ராஜ் வகை வில்வாத்தியத்தில் உலோகக் குழல் ஒன்றைப் பொருத்தியது. ஒலி மனிதத் தொண்டை இறுகினாற்போல் வரும். ஸ்வரத்தை நேராகத் தொடாமல் கீழிருந்து இழுத்து ஏறுகிறது, நின்று நடுங்குகிறது, விடுகிறது. அதைக் கேட்டுவிட்டு உடனே 1970 தொகுப்பின் ஸ்லைடு கிடாரைக் கேட்கிறேன். தான் வாசிக்காமல் ஒதுங்கியிருந்த இந்தத் தட்டில்தான் ஹாரிசனின் பிற்கால வாசிப்பு உருவானது என்று நம்புகிறேன். அதற்கு முன்பும் அவர் நல்ல கிடார் கலைஞர். ஆனால் இரண்டு ஸ்வரம் கேட்டவுடன் இது ஹாரிசன் என்று சொல்லவைக்கும் அந்தக் குரல் இதற்குப் பிறகு வந்தது.

*

தட்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் இடம்பெறவில்லை. அமெரிக்காவில் 49ஆம் இடம் வரை ஏறியது. பீட்டில்ஸின் சொந்த ஆப்பிள் நிறுவனத்தின் முதல் நெடுந்தட்டு அது. மூன்று வாரங்களில் பீட்டில்ஸின் வெள்ளைத் தட்டு வந்து எல்லோருடைய கவனத்தையும் எடுத்துக்கொண்டது.

1996இல் ஹாரிசன் மறுபடியும் இந்திய ஸ்டூடியோ ஒன்றில் உட்கார்ந்தார், இம்முறை சென்னையில். ரவிசங்கரின் ‘சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா’, தயாரிப்பு ஹாரிசன். வேத மந்திரங்கள், வீணை, புல்லாங்குழல், ஒன்றுசேர்ந்த குரல்கள். மீதி வேலை இங்கிலாந்தில் அவர் வீட்டிலேயே நடந்தது, 1997இல் வெளிவந்தது. அவரும் சில வாத்தியங்கள் வாசித்திருக்கிறார், கிடாரும் அதில் ஒன்று. 53 வயதில், யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய தேவையில்லாத நிலையில், அவர் மனமுவந்து செய்தது 24 வயதில் செய்த அதே வேலையைத்தான்.