செய்வித்தலும் செய்தலே

கொல்லாமை என்னும் நோன்பு பெரிய களங்களில் சோதிக்கப்படுவதைக் காட்டிலும் சிறிய இடங்களில்தான் மிகுதியும் சோதிக்கப்படுகிறது. ஊன் உண்ணாமை நமக்குப் பிறப்போடு வந்த பழக்கம். அதில் நமக்குப் போராட்டம் இல்லை. நீரை வடிகட்டிப் பருகுவதும், கதிரவன் மறையுமுன் உண்பதும் முன்னோர் வகுத்துத் தந்த ஒழுக்கங்கள். அவற்றில் ஐயம் இல்லை. ஆனால் முன்னோர் கண்டிராத ஒரு பொருள் நம் இல்லத்துள் நுழையும்போது அறத்தை நாமே ஆராய்ந்து கொள்ள வேண்டியவர்களாகிறோம். இன்று நம்மவர் இல்லங்கள் சிலவற்றின் கூடத்தில் இடம்பெற்றுள்ள கண்ணாடி மீன் தொட்டி அத்தகைய ஒரு பொருள். அதிலே எழும் நத்தைச் சிக்கலை முன்னிட்டு ஓர் அறக் கேள்வியை இங்கு ஆராய முற்படுகிறோம்.

வெறும் கூழாங்கற்களும் நெகிழிச் செடிகளும் இட்ட தொட்டிகள் இருந்த இடத்தில் இப்போது உயிருள்ள நீர்த்தாவரங்களை நட்டு வளர்க்கும் வழக்கம் பெருகியுள்ளது. சென்னையின் கொளத்தூர் போன்ற வண்ணமீன் அங்காடிகளில் வாலிஸ்னேரியா, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் முதலிய செடிகள் கட்டுக்கட்டாக விற்கப்படுகின்றன. அச்செடிகளின் இலைக்கு அடியில், கண்ணாடி போலத் தெளிந்த பசைத்திரளில், கடுகினும் சிறிய நத்தை முட்டைகள் ஒட்டியிருக்கும். வாங்குவோர் அறிவதில்லை, விற்போர் சொல்வதில்லை. சில வாரங்களில் கண்ணாடியெங்கும் நத்தைகள் ஊரக் காண்கிறோம்.

இவற்றுள் மூன்று வகைகள் பெரும்பான்மை. ஒன்று, மெல்லிய ஓடுடைய ஃபைசா நத்தை. வட அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவியது. மற்றொன்று, ஆட்டுக்கடாவின் கொம்புபோல் தட்டையாகச் சுருண்ட ராம்ஸ்ஹார்ன் நத்தை. இவ்விரண்டும் ஒரே உடலில் ஆண், பெண் இரு தன்மையும் உடையவை. மூன்றாவது, எக்காளம் போல் நீண்ட ஓடுடைய மலேசிய நத்தை. பகலில் மணலுள் புதைந்திருந்து இரவில் வெளிவரும். ஆண் துணையின்றியே குஞ்சுகளை ஈனும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆகவே ஒரே ஒரு நத்தை வந்தாலும் அது கூட்டமாகிவிடக் கூடும்.

இதனை ஒழிக்கக் கடையில் செம்பு கலந்த மருந்துகள் கிடைக்கின்றன. அவை நத்தைகளைக் கொல்லும், இறால்களையும் கொல்லும், இறந்தவை அழுகி அமோனியா பெருகி மீன்களுக்கும் ஊறு செய்யும். நம்மவர் இதனை விரும்புவதில்லை. எனவே 'இயற்கை முறை' என்று கூறப்படுவதை நாடுகின்றனர். அந்த முறை யாது? நத்தையைத் தின்னும் மற்றோர் உயிரைத் தொட்டியில் விடுவது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வரும் ஒரு நத்தை பிற நத்தைகளையே உணவாகக் கொள்ளும். வணிகத்தில் அதற்கு 'அசாசின்', அதாவது கொலைஞன், என்றே பெயர். சுமத்திரா, போர்னியோத் தீவுகளின் க்ளவுன் லோச் மீனும், நம் கேரள ஆறுகளில் வாழும் பட்டாணி அளவுள்ள குட்டி பஃபர் மீனும் இப்பணிக்காக விற்கப்படுகின்றன. மருந்து வேண்டா, நம் கை படவும் வேண்டா, இயற்கையே தன் வேலையைச் செய்துகொள்ளும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

இந்த நியாயம் நம் அறநூல்களின் முன் நிற்குமா என்பதே கேள்வி.

வினை மூவகையால் நம்மைச் சேரும் என்பர் ஆன்றோர்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல். இம்மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றின் வழியே நிகழ்வன. நத்தையைக் கொல்ல வேண்டும் என்று எண்ணி, அதற்கெனவே பசித்த வாயொன்றை விலைகொடுத்து வாங்கி, தப்பியோட வழியில்லாத நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் விடுகிறோம். எண்ணம் நம்முடையது, பொருள் நம்முடையது, அடைத்த கதவும் நம்முடையது. கொன்ற வாய் மட்டுமே மற்றொன்றினுடையது. இது செய்வித்தல் அன்றி வேறு யாது? தன் பசியால் தின்னும் அந்தப் பிராணிக்குக் கொலைத் திட்டம் ஏதும் இல்லை. திட்டமிட்டவர் நாமே.

'நம் கையில் குருதி படவில்லையே' என்பார்க்கு யசோதர காவியம் விடை கூறும். அக்காவியத்தில் யசோதரனும் அவன் தாயும் பலியிட்டது உயிருள்ள கோழியை அன்று. மாவினால் செய்த கோழியை. அங்கும் குருதி இல்லை. எனினும் கொல்லும் எண்ணத்தோடு செய்தமையால் பல பிறவிகளில் துன்புற்றனர் என்று அந்நூல் காட்டுகிறது. மாக்கோழிக்கே அத்துணை வினை என்றால், உயிருள்ள நத்தையை மற்றொரு வாய்க்கு ஊட்டுவதை எங்ஙனம் எளிதாகக் கொள்வது?

மேலும், பயனற்ற தீவினைகளை விலக்கும் அனர்த்ததண்ட விரதத்தை விளக்குமிடத்துக் கொலைக்கருவிகளைக் கொடுத்தலாகிய ஹிம்சாதானத்தை நம் சிராவகாசார நூல்கள் கடிகின்றன. பூனை முதலான ஊனுண்ணும் பிராணிகளை வளர்த்தலையும் அத்துடன் சேர்த்து விலக்கும் மரபு உண்டு. எலித்தொல்லைக்குப் பூனை வளர்க்கத் தயங்கிய குடும்பங்கள், நத்தைத் தொல்லைக்கு நீர்ப்பூனை ஒன்றை வளர்ப்பது பொருந்துமா? அந்தப் பூனையும் நத்தைகள் தீர்ந்தபின் பட்டினி கிடக்க வேண்டும்; அல்லது அதற்கென வேறு உயிர்களைத் தேடித் தர வேண்டும். ஒரு சிக்கலுக்குத் தீர்வாக வந்தது மற்றொரு கடமையாக அமர்ந்துவிடுகிறது. க்ளவுன் லோச் ஓரடி நீளம் வரை வளரக்கூடியது, கூட்டமாக வாழ்வது. சிறு தொட்டியில் அதனை அடைப்பது அதற்கும் கொடுமையே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். குளத்திலும் மீன்கள் நத்தைகளைத் தின்னத்தானே செய்கின்றன? தொட்டியில் நடப்பது அதற்கு எவ்வகையில் வேறு? வேறுபாடு உண்டு. குளத்தில் நிகழ்வது நம் விருப்பத்தால் நிகழ்வதன்று. அங்கே நத்தைக்கு ஒளிய இடமும் உண்டு. ஓர் உயிரை இன்னோர் இடத்திலிருந்து கொணர்ந்து, மற்றோர் உயிரை அழிப்பதற்கென்று விடுவது இயற்கை அன்று. இயற்கையின் பெயரால் மனிதன் செய்யும் செயல்.

அச்செயல் பெரிய அளவில் நிகழ்ந்தபோது விளைந்ததை உலகம் கண்டிருக்கிறது. பயிர்களை அழித்த ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒடுக்குவதற்காக 1955ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளிலும், 1974இல் தாஹிதியிலும், 1977இல் மூரியாத் தீவிலும், ஃபுளோரிடாப் பகுதியைச் சேர்ந்த ஊனுண்ணும் நத்தை ஒன்றைக் கொண்டுபோய் விட்டனர். அது பெருநத்தையை ஒழிக்கவில்லை. அத்தீவுகளுக்கே உரிய, யாருக்கும் தீங்கு செய்யாத சிறு மரநத்தைகளைத் தேடித் தின்றது. மூரியாவின் பார்ட்டுலா நத்தைகள் பத்தே ஆண்டுகளில் அக்காடுகளிலிருந்து மறைந்தன. உயிர்க்காட்சி சாலைகளில் காப்பாற்றி வளர்க்கப்பட்ட சிலவற்றை 2015 முதல் மீண்டும் தீவுகளில் விட்டு வருகின்றனர். ஏவிவிட்ட வாய் ஏவியவன் விரும்பியதை மட்டும் தின்னும் என்பதற்கு உறுதி இல்லை.

இரண்டாவது ஐயம்: ஐயறிவுடைய மீனின் நலத்துக்காக ஈரறிவுடைய நத்தையை இழக்கலாகாதா? நத்தை ஈரறிவுயிர் என்பது உண்மை. தொல்காப்பிய மரபியலும் 'நந்து' என்னும் பெயரால் அதனை ஈரறிவினவற்றுள் வைத்தது. ஆனால் இந்த எண்ணிக்கையின் பயனை நாம் தலைகீழாகக் கொள்ளுதல் கூடாது. ஓரறிவுயிர்களுக்கு ஊறு செய்யாமல் இல்லறத்தான் வாழ இயலாது. எனவே அவன் ஏற்கும் அணுவிரதம் ஈரறிவுயிர் முதலாகவே தொடங்குகிறது. அதாவது நத்தை நின்றிருப்பது நம் நோன்பின் வாயிற்படியில். வாயிற்படியைக் கடந்துவிட்டு வீட்டைக் காத்தோம் என்பது பொருந்தாது. அன்றியும், நத்தைகளால் மீனுக்கு வரும் தீங்குதான் யாது? அவை பெரும்பாலும் பாசியையும், பழுத்து அழுகும் இலையையும், மீன் தின்னாது விட்ட தீனியையுமே உண்கின்றன. நலமான இலையை அவை பெரிதும் தீண்டுவதில்லை. நம் கண்ணுக்கு அழகு குறைகிறது என்பதே உண்மையான குறை. கண்ணின் இன்பத்துக்கும் ஓர் உயிருக்கும் இடையே நின்று நாம் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? நத்தை ஏன் பெருகிற்று என்று கேட்பதே தொடக்கம். உணவு மிகுந்த இடத்தில் அது மிகுதியாக முட்டையிடும். உணவு குறைந்தால் முட்டையும் குறையும். ஆகவே தொட்டியில் காணும் நத்தைகளின் தொகை நம் கை எவ்வளவு மிகையாகத் தீனி தூவியது என்பதன் கணக்கே ஆகும். மீன் ஓடிவந்து தின்பதைக் காணும் மகிழ்ச்சிக்காகத் தேவைக்கு மேல் இடுகிறோம். வீட்டுக் குழந்தைகள் ஆளுக்கொரு முறை இடுகின்றனர். இதனையே நம் நூல்கள் பிரமாதம், அதாவது கவனமின்மை, என்று பெயரிட்டு ஹிம்சையின் வேராகச் சொல்கின்றன. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கும்போது பிரமாதத்தையே காரணமாக முன்வைப்பது இங்கு நினைக்கத்தக்கது.

எனவே மீன்கள் இரண்டு மணித்துளிகளில் தின்று முடிக்கும் அளவே தீனி இடுக. அதனையும் வீட்டில் ஒருவரே இடுக. பழுத்த இலைகளை அவ்வப்போது களைக. விளக்கை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மிகாமல் எரிய விட்டால் பாசி குறையும். வாரந்தோறும் நீரில் கால் பங்கை மாற்றுகையில், குழாய் வழியே அடிமண்ணின் கசடும் வெளிவரும். அந்நீரை வடிதுணியில் ஊற்றுக. குடிநீரை வடிகட்டித் துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீரிலேயே விடுவது நம் முன்னோர் வழக்கம்; அவ்வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. புதுச்செடி வாங்குவோர் மூடிய கிண்ணத்தில் திசு வளர்ப்பு முறையில் வளர்த்த செடிகளையே வாங்கினால் முட்டைகள் வருவதற்கே இடமில்லை. வாராமற் காத்தல் வந்தபின் கொல்வதினும் மேல்.

இங்கும் ஒரு தடை எழுப்பப்படலாம். கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் உணவையும் நீரையும் தடுத்தலும் ஒன்றன்றோ? தீனியைக் குறைப்பது நத்தையின் உணவைத் தடுப்பது ஆகாதோ? இது தள்ளிவிடத்தக்க தடையன்று. நத்தைகளை ஒழிப்பதற்கென்றே தொட்டி முழுவதையும் பட்டினி போடுவோமாயின் அது அதிசாரமே. நோன்பு என்பது தானே ஏற்பது. பிறர்மேல் சுமத்துவது நோன்பாகாது. ஆனால் மீனுக்கு வேண்டிய அளவை மீனுக்கு இடுவது யாருடைய உணவையும் பறிப்பதன்று. மிகை நின்றபின் புதிய முட்டைகள் குறையும். இருப்பவை பாசியையும் இலைக்கழிவையும் உண்டு தம் வாழ்நாளைக் கழிக்கும். ஃபைசா நத்தையின் வாழ்நாள் ஏறத்தாழ ஓராண்டே. மாற்றம் மெல்ல வரும். சில இளங்குஞ்சுகள் பிழைக்காமலும் போகலாம். ஆகவே இவ்வழி முற்றும் வினையற்றது என்று நாம் கூறோம். எண்ணிச் செய்யும் கொலை இதில் இல்லை என்றே கூறுவோம்.

அதற்குள் தொகையைக் குறைத்தே ஆக வேண்டுமெனின், வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டொன்றை இரவில் தொட்டியுள் இட்டுக் காலையில் எடுத்தால் நத்தைகள் அதில் மொய்த்திருக்கும். அவற்றைச் சாக்கடையில் எறிதல் கொலை. குளத்தில் விடுதலும் தகாது. அயல்நாட்டு நத்தை அங்குள்ள உயிர்களின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். பழைய இலைகளும் நீரும் உள்ள வேறொரு தொட்டியில் அவற்றை விட்டுவைக்கலாம். முதிர்ந்த கால்நடைகளுக்குப் பிஞ்சராப்போல் அமைத்த சமுதாயத்துக்கு வீட்டின் மூலையில் ஒரு நத்தைத் தொட்டி வைப்பது பெரும் சுமையன்று.

இவ்வளவும் கூறியபின் எஞ்சி நிற்கும் கேள்வியையும் மறைக்கலாகாது. மேற்சொன்ன ஐந்து அதிசாரங்களுள் முதலாவது பந்தம். உயிரைக் கட்டி அடைத்து வைத்தல். மீனைக் கண்ணாடியுள் அடைப்பது எவ்வகையைச் சேர்ந்தது? மீன்களுக்கு இடும் உலர்தீனியுள் பெரும்பாலும் மீன்தூள் சேர்ந்திருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தொட்டி வைத்திருப்போர் அடைக்கலமாக வந்துவிட்ட உயிர்களை அவற்றின் இறுதிவரை காப்பதே கடமை. ஆற்றில் விட்டுவிடுதல் கடமையைத் துறத்தலாகும். இனி வாங்க எண்ணுவோர் வாங்குமுன் நன்கு ஆராய்ந்து முடிவு செய்தல் நலம். மீனில்லாமலும் நீர்ச்செடிகளை மட்டும் வளர்த்து மகிழலாம்.

நத்தையைத் தொல்லை என்று பெயரிட்டது நாம். அதனை அழைத்து வந்ததும், ஊட்டிப் பெருக்கியதும் நாமே. ஆகையால் அடங்க வேண்டியது நீருக்கடியில் ஊரும் அந்தச் சிற்றுயிர் அன்று. நீருக்கு மேலே நீளும் நம் கை. அதனை அடக்குதல் எவர்க்கும் இயல்வதே.