கண்ணோட்டமும் கண்ணாடியும்

கண் தன்னைத் தான் காண்பதில்லை. பிறவற்றைக் காண்பதற்கென்றே அமைந்த உறுப்பு அது. ஆயின் ஒரு மனிதரைக் காணும்போது நாம் மட்டுமா காண்கிறோம்? அவரும் நம்மைக் காண்கிறார். நாம் அவரைப் பார்ப்பதை அவர் அறிகிறார். அவர் அறிந்ததை நாமும் அறிகிறோம். உற்றுப் பார்த்தவன் எதிர்ப்பார்வை பட்டதும் நாணித் தலை கவிழ்வதும், முதியவரைக் கண்ட இளைஞன் இருக்கையை விட்டு எழுவதும் இதனாலேயே நிகழ்கின்றன. பார்வை என்பது இருவருக்கிடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல்.

இக்கொடுக்கல் வாங்கலின் நடுவே ஒரு கருவி வந்து அமர்ந்தால் என்னாகும்? கண்ணில் அணியும் கண்ணாடியே படம் பிடிக்கவும், கண்டதைச் சேமிக்கவும், எதிரே நிற்பவர் இன்னார் என்று காதில் ஓதவும் வல்லதானால், மனிதரை மனிதர் பார்க்கும் அறம் எவ்வாறு மாறும்? இவ்வினா இன்று கற்பனை அன்று. பத்தாண்டுகளுக்கு முன்னரே அமெரிக்க நாட்டுத் தெருக்களில் எழுந்து, அடங்கியது போல் தோன்றி, இப்போது நம் வாயிலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆதலின் இதனைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகிறது.

ஆர்வம் பொங்கிய நாட்கள்

கண்ணெதிரே உள்ள காட்சியோடு கணிப்பொறி வரையும் காட்சியையும் கலந்து காட்டும் முயற்சி பழையது. 1968-ஆம் ஆண்டிலேயே ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர், தலையில் பொருத்திப் பார்க்கும் கருவியொன்றைச் செய்து காட்டினார். கூரையிலிருந்து தொங்கவிடப்பட்ட கனத்த கருவி அது. 1990-களின் தொடக்கத்தில் போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள் இத்துறைக்கு 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்று பெயரிட்டனர். மிகை மெய்ம்மை என்று நாம் தமிழில் சொல்லலாம்.

ஆய்வுக்கூடத்தில் இருந்ததைத் தெருவுக்குக் கொண்டுவர முனைந்தது கூகுள் நிறுவனம். 2012 ஏப்ரலில் 'கூகுள் கிளாஸ்' பற்றிய அறிவிப்பு வெளிவந்தது. அவ்வாண்டு ஜூனில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த மாநாட்டின்போது, அக்கண்ணாடியை அணிந்த வீரர்கள் வானிலிருந்து குதித்தனர். அவர்கள் கண்ட காட்சியை அரங்கிலிருந்தோர் அந்நேரமே கண்டு ஆரவாரித்தனர். நியூயார்க் ஆடை அலங்கார அணிவகுப்பிலும் அது இடம்பெற்றது. 2013-இல், 'இக்கண்ணாடி என்னிடம் இருந்தால் என்ன செய்வேன்' என்று எழுதியனுப்பியவர்களுள் ஏறத்தாழ 8,000 பேர் தெரிவு செய்யப்பட்டனர். தெரிவானோரும் 1,500 டாலர் கொடுத்தே அதனைப் பெற வேண்டியிருந்தது. விலை கொடுத்துச் சோதனைக்கு உட்படவும் மனிதர் முந்தினர் என்றால் ஆர்வத்தின் அளவு விளங்கும்.

கருவியின் அமைப்பு எளிது. வலக்கண்ணுக்குச் சற்று மேலே ஒரு சிறு கண்ணாடிப் பட்டகம். அதன்வழி ஒளி கண்ணுக்குள் சென்று, எட்டடித் தொலைவில் ஒரு திரை நிற்பது போன்ற தோற்றத்தைத் தரும். காட்சியின்மீதே எழுத்தைப் பொருத்திக் காட்டும் முழுமை அதற்கு இல்லை. பார்வையின் ஓரத்தில் செய்தி மின்னும், அவ்வளவே. அருகிலேயே காமிரா. வாயால் சொன்னாலும் படம் எடுக்கும். காதோரச் சட்டத்தைத் தொட்டாலும் எடுக்கும். 2013 டிசம்பரில் கண் சிமிட்டினாலே படம் எடுக்கும் வசதியும் சேர்ந்தது. கண் சிமிட்டுதல் இரு மனிதருக்கிடையே குறும்பும் குறிப்புமாக இருந்த ஒன்று. அது பொறிக்கு இடும் கட்டளையாக மாறியதைச் சிறு செய்தி என்று தள்ளிவிட இயலவில்லை.

அந்த ஆர்வத்தை நாம் எள்ளி நகையாடுவதும் நியாயமன்று. வேற்றுமொழி எழுத்தைக் கண்ட அளவில் பெயர்த்துக் காட்டும் 'வேர்ட் லென்ஸ்' என்னும் செயலி அக்கண்ணாடியிலும் இயங்கியது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து, பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாமல் நிறுத்தத்தில் திகைத்து நின்ற தலைமுறை நம்முடையது. அத்தகைய உதவியின் அருமையை நம்மைவிட அறிந்தவர் யார்?

ஐயம் எழுந்த விதம்

ஆயினும் ஆர்வத்தோடு ஐயமும் உடன் பிறந்தது. 2013 மார்ச்சிலேயே சியாட்டில் நகரத்து மதுவகம் ஒன்று, இக்கண்ணாடி அணிந்தோர்க்கு இடமில்லை என்று அறிவித்தது. மே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர், தனிமை பற்றிய வினாக்களை எழுப்பிக் கூகுள் தலைவருக்குக் கடிதம் எழுதினர். முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காட்டும் செயலிகளுக்கு இப்போதைக்கு இசைவில்லை என்று நிறுவனம் ஜூன் தொடக்கத்தில் தெரிவித்தது. அணிந்தோரை இழித்துரைக்கும் வசைச்சொல் ஒன்றும் மக்களிடையே பரவிற்று. 2014-இல், பிறரைச் சங்கடப்படுத்தாமல் நடந்துகொள்ளுங்கள் என்று நிறுவனமே அணிந்தோர்க்கு நடைமுறைக் குறிப்புகள் வெளியிட நேர்ந்தது.

அதே 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓஹியோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் நடந்ததை இங்கு நினைவுகூரலாம். பார்வைக் குறைக்கான வில்லைகளையும் இக்கண்ணாடியிலேயே பொருத்தியிருந்த ஒருவர், அதனை அணிந்தே திரைப்படம் காணச் சென்றார். படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிறார் என்னும் ஐயத்தில் அதிகாரிகள் அவரை வெளியே அழைத்து நெடுநேரம் விசாரித்தனர். அவர் எதையும் பதிவு செய்யவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. பார்க்கப்படுபவர் மட்டுமே துன்புறுவதில்லை, பார்ப்பவரும் நம்பிக்கை இழந்து நிற்கிறார் என்பதற்கு இதுவே சான்று. எந்தக் கண் காண்கிறது, எந்தக் கண் களவாடுகிறது என்று அறிய முடியாதபோது எல்லாக் கண்ணும் ஐயத்துக்குரியதாகிறது.

2015 ஜனவரியில் தனியார்க்கான விற்பனை நிறுத்தப்பட்டது.

எதிர்வாதம்

"புதிய கருவி எதுவாயினும் முதலில் அஞ்சுவர், பின் பழகுவர், இதுவும் அப்படியே" என்று வாதிடுவோர் உண்டு. வரலாறு ஓரளவு அவர் பக்கமே நிற்கிறது. 1888-இல் கோடக் காமிரா விற்பனைக்கு வந்தபோதும் கண்ட இடத்திலெல்லாம் படம் பிடிப்போர் மீது சினம் மூண்டது. 1890-இல் வாரன், பிராண்டைஸ் என்னும் இரு வழக்கறிஞர்கள் தனிமை உரிமை பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு, நொடியில் படம் எடுக்கும் கருவிகளும் செய்தித்தாள்களின் அத்துமீறலும் காரணமாயின. உலகம் காமிராவை விலக்கவில்லை, பழகிக்கொண்டது.

ஆனால் எவ்வாறு பழகிக்கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். காமிராவைக் கையில் உயர்த்துபவர், "இதோ எடுக்கிறேன்" என்று ஊரறியச் சொல்கிறார். கைப்பேசியை உயர்த்துபவரும் அப்படியே. வேண்டாதவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், கையசைத்துத் தடுக்கலாம், சண்டையும் இடலாம். உயர்ந்த அந்தக் கையே அறிவிப்பு. அதுவே பார்க்கப்படுபவரின் பங்கு. கண்ணாடியோ அந்தக் கையை இறக்கிவிடுகிறது. சாதாரணமாகப் பார்ப்பதும் பதிவு செய்வதும் ஒரே தோற்றம் கொண்டுவிடுகின்றன. அச்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு வாழ்ந்து பழகிய நாம் ஒரு நடைமுறையை அறிவோம். மேசைக்கு வந்த கோப்பைப் பார்த்தவர், சுருக்கொப்பமும் தேதியும் இட்ட பின்னரே அடுத்த மேசைக்கு அனுப்புவார். பார்த்தது என்பதே ஒரு பொறுப்பு. பின்னர் வினா எழுந்தால், யார் பார்த்தார் என்பது தாளிலேயே இருக்கும். உயிரற்ற காகிதத்தைப் பார்ப்பதற்கே இத்தனை கட்டுப்பாடு வைத்த நாம், உயிருள்ள முகத்தைப் பார்த்துப் பதிவு செய்பவர் எவ்வித அடையாளமும் இடாமல் போகலாம் என்று எங்ஙனம் ஒப்புவது?

வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளில் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் கண்ணோட்டம். ஐம்பத்தொன்பதாம் அதிகாரம் ஒற்றாடல். இவ்விரண்டும் பொருட்பாலில் அடுத்தடுத்து நிற்பது நம் சிந்தனைக்கு விருந்தாகும்.

கண்ணோட்டம் என்பதை இன்று நாம் 'கருத்துக்கோணம்' என்னும் பொருளில் வழங்குகிறோம். பழம்பொருள் வேறு. பழகியவர் மீது கண் சென்ற அளவில், அவர் சொல்லை மறுக்க மாட்டாமல் நெஞ்சு இளகுவதே கண்ணோட்டம். பேச்சு வழக்கில் தாட்சணியம் என்போம். ஒற்றாடல் என்பதோ, பார்க்கப்படுபவர் அறியாமல் பார்த்து அறிதல். இரண்டும் கண்ணின் தொழிலே. ஒன்றில் காணப்படுபவருக்குப் பங்கு உண்டு, மற்றதில் இல்லை.

வள்ளுவர் ஒற்றாடலை விலக்கவில்லை. நாடு காக்கும் வேந்தனுக்கு அது வேண்டும் என்றே கொண்டார். ஆனால் அரசன் குடிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். கண்ணோட்டமும் அவனுக்கே விதிக்கப்பட்டது. வேந்தனுக்குரிய ஒற்றினை வேந்தனின் பொறுப்பு ஏதுமின்றி ஆளுக்கொன்றாகக் கடையில் விற்றால், அது அறமாகுமா? நம் ஐயத்தின் சாரம் இவ்வளவே.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால் கருவியின் நன்மை தீமைகள் தாமே பிரிந்து நிற்கின்றன. தனியார் விற்பனை நின்ற பின்னும் தொழிற்கூடங்களில் கூகுள் கிளாஸ் 2023 வரை விற்கப்பட்டது. விமானத்துக்கான மின்கம்பிகளைக் கோத்து இணைக்கும் தொழிலாளி, வரைபடத்தைத் தேடித் திரும்பாமல் கண்முன்னே கண்டு வேலை செய்தார். கம்பிக்கு நாணமில்லை, அங்கே எவர் உரிமையும் பறிபோகவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், ஆட்டிசம் உள்ள 71 சிறுவர்களைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெஞ்சைத் தொடுவது. எதிரே உள்ள குடும்பத்தாரின் முகத்தில் தோன்றுவது மகிழ்ச்சியா, சினமா என்பதைக் கண்ணாடி அச்சிறுவர்களுக்கு எடுத்துச் சொல்ல, பழகும் திறனில் முன்னேற்றம் காணப்பட்டது. அங்கே பார்க்கப்பட்டவர் தாயும் தந்தையும். இசைந்து தம் முகத்தைக் கொடுத்தவர்கள். அதே கருவி அங்கே கண்ணோட்டத்துக்குத் துணை நின்றது.

நம் வாயிலில்

2021-இல் ஃபேஸ்புக் நிறுவனம் ரேபான் கண்ணாடியோடு கூட்டுச் சேர்ந்து காமிரா பொருத்திய கண்ணாடியை வெளியிட்டது. பதிவு நடப்பதைக் காட்ட அதில் ஒரு சிறு விளக்கு உண்டு. அவ்விளக்கு போதிய அறிவிப்பாகுமா என்று அயர்லாந்து, இத்தாலி நாட்டு அமைப்புகள் அப்போதே வினவின. 2024-இல் ஹார்வர்டு மாணவர் இருவர், அதன் வழிவந்த கண்ணாடியையும் முகம் தேடும் தளங்களையும் இணைத்து, வழியில் கண்ட அந்நியரின் பெயர் முதலியவற்றை அறிய முடியும் என்று செய்து காட்டி எச்சரித்தனர். 2025 மே மாதத்தில் அக்கண்ணாடி இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது.

தனிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தரவுகளைத் தன் வரம்புக்குள் கொள்ளவில்லை. ஆக, திருமணப் பந்தியிலும் சங்கத்து விழாவிலும் நம் பிள்ளைகள் அணியப்போகும் கண்ணாடியைச் சட்டம் வந்து ஆளப்போவதில்லை. அங்கே ஆள வேண்டியது வழக்கமும் வளர்ப்பும்தான்.

அவ்வழக்கத்தை நாமே தொடங்கலாம். பிறர் வீட்டுக்குள் செல்லும்போது செருப்பை வாயிலில் விடக் குழந்தைக்குச் சொல்லித் தருகிறோம். கண்ணாடியையும் கழற்றி வைக்கச் சொல்வோம். எடுக்கும் முன் கேட்கச் சொல்வோம். கேட்டபின் மறுத்தால் வருந்தாதிருக்கவும் சொல்வோம். பலகையைக் கண்ணாடி படித்துச் சொல்லட்டும். ஆயின் வழியை ஒருமுறையேனும் அருகில் நிற்பவரிடம் கேட்கச் சொல்வோம். வேற்றூரில் நமக்குக் கிடைத்த முதல் நண்பர்கள், நாம் வழி கேட்டபோது நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னவர்கள் அல்லரோ?

கண்ணுக்கு வலிமை சேர்க்கும் கருவிகள் இன்னும் வரும், வரட்டும். எதிரே இருப்பவரும் நம்மைப் பார்க்கிறார் என்னும் நினைவு மட்டும் மங்காதிருந்தால், எந்தக் கண்ணாடியின் வழியே நோக்கினும் நம் பார்வை கண்ணோட்டமாகவே இருக்கும்.