கதாநாயகிக்குப் பைத்தியம் இல்லை

நியூயார்க் மாநிலத்தின் செனகா ஏரிக்கரையில் இருந்த வில்லார்ட் மனநல மருத்துவமனை 1995இல் மூடப்பட்டது. மூடும் வேளையில், காப்பாற்றி வைக்க வேண்டிய பொருள் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு கட்டடத்தின் பரணில் ஏறத்தாழ நானூறு பெட்டிகள் இருந்தன. தோல் பெட்டி, டிரங்குப் பெட்டி, மரப்பெட்டி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்து, பெயரின் முதலெழுத்து வரிசையில் ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். 1910 முதல் 1960கள் வரை அங்கே கொண்டுவரப்பட்டவர்களுடைய பெட்டிகள் அவை. உள்ளே வந்த அன்று வாங்கி வைத்தார்கள். வீட்டுக்குப் போகிற நாளில் எடுத்துக் கொடுக்கலாம் என்று வைத்திருக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நாள் வரவே இல்லை.

இந்தப் பெட்டிகளை வைத்து எலன் மேரி வைஸ்மன் எழுதிய நாவல்தான் 'வாட் ஷி லெஃப்ட் பிஹைண்ட்'. கதை இரண்டு காலங்களில் மாறி மாறி நடக்கிறது. 1929இல் கிளாரா என்ற இளம்பெண், பெற்றோர் பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, இத்தாலியிலிருந்து வந்த ஒருவனைக் காதலிக்கிறாள். தந்தை அவளை மனநலக் காப்பகத்தில் அடைத்துவிடுகிறார். பல பத்தாண்டுகள் கழித்து, வளர்ப்புப் பெற்றோரிடம் இருக்கும் இஸ்ஸி என்ற பதின்வயதுப் பெண் அந்தப் பெட்டிகளைத் திறக்கிறாள். ஒரு அத்தியாயம் அங்கே, ஒரு அத்தியாயம் இங்கே. இரவு பன்னிரண்டு மணி ஆனாலும் கீழே வைக்க மனம் வராது. கிளாராவுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டும்.

அந்தச் சுகத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. உண்மையான ஓர் இடம், உண்மையான மனிதர்கள் அழிந்துபோன இடம், நமக்கு விடிய விடியப் படிக்கும் பொழுதுபோக்காகிறது. இது தகுமா?

தகாது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. பிறர் துயரைக் கதையாகக் கேட்டு உருகுவதைத் தவறென்றால் இலக்கியத்தில் பாதியைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளில் அழுகையையும் ஒன்றாக வைத்தது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்றது. இழிவுபடுதல், இழத்தல், பழைய நிலை கெட்டுத் தாழ்தல், இல்லாமை: ஒரு மனநலக் காப்பகத்தின் வாசலைத் தாண்டிய அன்றே இந்த நான்கும் ஒருவருக்கு வந்து சேர்ந்துவிடும். அதைப் படிக்கிறவர் கண்ணில் நீர் வந்தால் அது குற்றமில்லை. அந்தக் கண்ணீரில் ஓர் இன்பம் கலந்திருப்பதும் குற்றமில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தொல்காப்பியம் சொன்ன நான்கில் ஒன்றுகூட, துன்பப்படுகிறவருடைய மனம் தெளிவாக இருக்கிறதா என்று கேட்பதில்லை. காப்பகத்தில் அடைபட்ட பெண்ணைப் பற்றிய இந்த மாதிரி நாவல்களோ அதைத்தான் முதலில் கேட்கின்றன. கிளாராவுக்குப் பைத்தியம் இல்லை. இந்த வகை நாவல்களின் நாயகிகளில் அநேகமாக யாருக்குமே இல்லை. அவள் அழகானவள், படித்தவள், பிடிவாதக்காரி, காதலித்தவள். தந்தையோ கணவனோ செய்த சதியால் உள்ளே வந்தவள். அவளை நம் கண்ணில் உயர்த்திக் காட்ட மற்றவர்கள் தேவைப்படுகிறார்கள். முதல் நாள் அவள் வார்டுக்குள் நுழையும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி துணிப்பொம்மையை மார்போடு அணைத்தபடி முன்னும் பின்னும் ஆடுகிறாள். ஒருத்தி சுவரில் தலையை மோதுகிறாள். இன்னொருத்தி காரணமில்லாமல் சிரிக்கிறாள். மூன்று வரிகளில் மூவரும் முடிந்துபோகிறார்கள். நாயகி நடுங்குகிறாள், நாமும் நடுங்குகிறோம். ஐயோ, இவர்களோடா இவளை அடைத்தார்கள்!

அந்த ஐயோவைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். 'இவர்களோடு' என்று நாம் சொன்ன அந்த மூவரும் யார்? தெளிந்த மனத்தவளை அடைத்ததுதான் அநியாயம் என்றால், தெளியாத மனத்தவளை அதே அறையில், அதே குளிரில், அதே பூட்டுக்குப் பின்னால் சாகும்வரை வைத்திருந்தது நியாயமா? நாவல் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நம் இரக்கத்தை அது பங்கிடுகிற முறையில் இந்தத் தீர்ப்பு இருக்கிறது. நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

சதியால் அடைக்கப்பட்ட பெண்கள் கற்பனை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் 1860இல் எலிசபெத் பேக்கார்டு என்ற பெண்ணை, மதக்கருத்தில் தன்னோடு முரண்பட்டாள் என்பதற்காக, போதகரான கணவரே காப்பகத்துக்கு அனுப்பினார். கணவர் சொன்னால் போதும், விசாரணை வேண்டாம் என்று அன்றைய சட்டம் அனுமதித்தது. மூன்று ஆண்டுகள் உள்ளே இருந்தார். 1864இல் வழக்கு வந்தபோது அவருக்குச் சித்தம் சரியாகவே இருக்கிறது என்று முடிவு செய்ய ஜூரிகளுக்கு ஏழு நிமிடம்தான் பிடித்தது. பின்னர் அவர் போராடி 1867இல் சட்டத்தையே மாற்ற வைத்தார். பெரிய காரியம். ஆனால் அந்தச் சட்டம் கேட்கச் சொன்ன கேள்வி, இவருக்கு உண்மையிலேயே பைத்தியமா என்பதுதான். ஆம் என்று விடை வந்தவர்களுடைய நிலைமையை அது தொடவில்லை.

வில்லார்ட் பெட்டிகளின் சொந்தக்காரர்களில் சிலருடைய வாழ்க்கையை டார்பி பென்னியும் மனநல மருத்துவர் பீட்டர் ஸ்டாஸ்ட்னியும் பல ஆண்டுகள் தேடித் திரட்டினார்கள். 2004இல் நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தில் கண்காட்சியாகவும், 2008இல் நூலாகவும் அது வந்தது. அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவர் கருப்பினத்தவர், ராணுவத்தில் இருந்தவர். 1945இல் புரூக்ளின் உணவகம் ஒன்றில் உடைந்த தட்டில் தனக்குச் சாப்பாடு வைத்ததைப் பார்த்துக் கோபப்பட்டு, தெருவில் ரகளை செய்தார். அதன்பிறகு அவர் வாழ்க்கை மருத்துவமனைகளிலேயே கழிந்தது. பெட்டியில் ராணுவச் சீருடையில் அவர் எடுத்துக்கொண்ட படங்கள் இருந்தன. இவருக்காக நமக்கு உடனே கோபம் வருகிறது. இவர் கோபத்தில் நியாயம் இருந்ததே.

இன்னொருவர் உக்ரைனிலிருந்து வந்த அகதி. போருக்குப் பின் மனைவியோடு அமெரிக்கா வந்தார். மனைவி இறந்துபோனார். 1952இல் வாஷிங்டனுக்குப் போய், அதிபர் ட்ரூமனின் மகளை மணக்கப்போவதாகச் சொன்னார். பிடித்தார்கள், அடைத்தார்கள். வில்லார்டில் பல ஆண்டுகள் இருந்தார். அங்கே இருந்தபடி ஓவியம் வரையத் தொடங்கினார், தான் விட்டுவந்த நாட்டின் வாழ்க்கையை வரைந்தார்.

இவருக்கு எந்த நாவலில் இடம் கிடைக்கும்? நாயகி தாழ்வாரத்தில் நடக்கும்போது, அதிபரின் மாப்பிள்ளை தான்தான் என்று சொல்லிக்கொண்டு குறுக்கே வரும் கிழவராக இரண்டு வரி கிடைக்கலாம். நாம் சிரிப்போம். தமிழ்ப் படங்களில், மனநல மருத்துவமனையால் பேர்பெற்ற கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரைச் சொன்னாலே தியேட்டர் சிரித்ததே, அந்தச் சிரிப்புத்தான். ஆனால் தொல்காப்பியம் அழுகைக்குச் சொன்ன நான்கு காரணங்களும் கூடி நின்ற மனிதர் அவர். நாடு போயிற்று, மனைவி போனார், கடைசியில் மனமும் போயிற்று. அவர் சொன்னது உண்மையில்லை என்பதால் அவர் துயரம் பொய்யாகிவிடாது.

சித்தம் கலங்கியவரின் உள்ளிருந்து கதை சொல்ல முடியாது, வாசகருக்குத் தெளிவான ஒரு கண் வேண்டும் என்று எழுத்தாளர் தரப்பில் சொல்லலாம். செபாஸ்டியன் பாரியின் 'தி சீக்ரெட் ஸ்கிரிப்சர்' அதற்குப் பதில். அயர்லாந்துக் காப்பகம் ஒன்றில் நூறு வயதை நெருங்கும் ரோசான் தன் கதையை ரகசியமாக எழுதி ஒளித்து வைக்கிறாள். அந்தக் கட்டடத்தை இடிக்கப்போவதால், யாரை வெளியே அனுப்பலாம் என்று டாக்டர் கிரீன் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் நினைவும், அவளைப் பற்றிப் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்த குறிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எது நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படியும் அவள்மேல் நமக்கு அன்பு குறையவில்லை. அவள் சொல்வது சரியா என்று நிரூபிக்கச் சொல்லாமலே அவளுக்கு மரியாதை கிடைக்கிறது. முடிவில் அவள் கதையையும் டாக்டரின் கதையையும் ஒட்டவைக்க ஒரு தற்செயலைக் கொண்டுவந்ததுதான் அந்த நாவலின் பலவீனம்.

இரண்டு காலக் கதைகளுக்கே உள்ள ஆசை அது. இன்றைய பெண் பெட்டியைத் திறப்பாள், கடிதத்தைப் படிப்பாள், உறவைக் கண்டுபிடிப்பாள், தன் மனக்காயமும் ஆறும். செத்துப்போனவள் உயிரோடிருப்பவளுக்கு மருந்தாகிவிடுகிறாள். நமக்கும் நிம்மதி, அதெல்லாம் அந்தக் காலம். ஜான் கிறிஸ்பின் என்ற புகைப்படக்காரர் 2011 முதல் எடுத்த வில்லார்ட் பெட்டிகளின் படங்களில் இந்த நிம்மதி கிடைப்பதில்லை. அருங்காட்சியகத்தார் ஒவ்வொரு பொருளையும் மெல்லிய தாளில் சுற்றி வெள்ளை நாடாவால் கட்டியிருக்கிறார்கள். அவர் நாடாவை அவிழ்த்துப் படம் எடுத்திருக்கிறார். நூல்கண்டு, சீப்பு, அலாரம் கடிகாரம். எதையும் அவை விளக்குவதில்லை. அவற்றை வைத்திருந்தவர் தெளிவாக இருந்தாரா, கலங்கியிருந்தாரா என்று அந்தச் சீப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே நாவலை மூடி வைக்கச் சொல்லவில்லை. அதைப் படித்ததால்தான் பலருக்கு வில்லார்ட் என்ற பெயரே தெரிந்தது. படியுங்கள், கிளாராவுக்காக அழுங்கள். பிறகு அந்த வார்டுக் காட்சிக்கு ஒருமுறை திரும்பிப் போய், மூன்று வரியில் முடிந்துபோன அந்த மூவரிடமும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நாவலாசிரியர் அங்கே நிற்கவில்லை என்றால், அது அந்தப் புத்தகத்தின் குறை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

வில்லார்ட் கல்லறைத் தோட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டார்கள். குழிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். அவற்றில் ஏறத்தாழ 1,500 குழிகளைத் தோண்டியவர் லாரன்ஸ் மோக்கா என்ற நோயாளி. கூலி இல்லாத வேலை. 1968இல் தொண்ணூறு வயதில் அங்கேயே இறந்தார். அவரையும் அந்தத் தோட்டத்திலேயே எண்ணிட்டுப் புதைத்தார்கள். அவர் பெயர் பொறித்த தகடு அங்கே வைக்கப்பட்டது 2015இல்.