பிறர் பிள்ளைக்குப் பட்ட கடன்

அறவியல் பற்றிய உரையாடல்களிற் பெரும்பாலும் ஆராயப்படுவது, மனிதன் தன் முன்னால் நிற்கும் மற்றொரு மனிதனுக்குச் செய்யவேண்டியது யாது என்பதேயாகும். பசித்து வந்தவனுக்குச் சோறு, கடன் தந்தவனுக்குப் பணம், அடைக்கலம் புகுந்தவனுக்குக் காவல் என்றவாறு கடமையின் இரு அந்தங்களிலும் இரு முகங்கள் காணப்படுகின்றன. முகமே தெரியாத ஒருவனுக்கு, அவனுக்குத் தீங்கு நேருமோ என்பதுகூட உறுதியாகத் தெரியாத நிலையில், ஒருவன் கடமைப்பட்டவன் ஆவானா? இவ்வினா மெய்யியல் விரிவுரைகளுக்கு மட்டும் உரியதன்று. ஒன்பது மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கிளினிக் வாங்கிற் காத்திருக்கும் தாயொருத்தியும், தான் அறியாமலே, இவ்வினாவுக்கு விடை கூறிக்கொண்டிருக்கிறாள்.

சின்னமுத்து இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் என்பவற்றோடு இந்நோய் தொடங்குகின்றது. கன்னத்தின் உட்புறத்தே சிறு வெண்புள்ளிகள் தோன்றுவதுமுண்டு. சில நாள்களின் பின்னரே காதின் பின்புறத்திலும் முகத்திலும் செந்நிறப் பருக்கள் அரும்பி உடலெங்கும் இறங்குகின்றன. பெரும்பாலான பிள்ளைகள் குணமடைந்துவிடுகின்றனர். ஆயினும் நியூமோனியாவும் வயிற்றோட்டமும், அரிதாக மூளையழற்சியும் தொடரக்கூடும். மூச்சு வாங்குதல், பாலோ நீரோ ஏற்காமை, வலிப்பு, எழுப்பவியலா மயக்கம் ஆகியன தோன்றின் பிள்ளையைத் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். மேலும், பிற நோய்களுக்கெதிராக உடல் தேடிவைத்த எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதியையும் இந்நோய் அழித்துச் செல்கின்றது.

அம்மாள் வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, தண்ணீர் வார்க்கும் நாள்வரை வீட்டாரும் அயலாரும் போக்குவரவைக் குறைத்துக்கொள்ளும் வழக்கத்தை மூடநம்பிக்கை என ஒரு சொல்லால் ஒதுக்குவோர் உளர். அது அவசர முடிவாகும். கடுமையான பத்தியத்தினாலும் வைத்தியரை நாடாமையினாலும் விளைந்த தீமைகள் மறுக்கற்பாலன அல்ல. எனினும் அவ்வேப்பிலைக்குள் ஓர் அறக்கட்டளை பொதிந்திருந்தது: தன் வீட்டு நோய் அயல் வீட்டுப் பிள்ளையைத் தீண்டலாகாது என்பது அது. குறை அதன் நோக்கத்தில் இல்லை, காலத்திலேயே இருந்தது. சின்னமுத்து, பரு தோன்றுவதற்கு நான்கு நாள்கள் முன்னரே பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகின்றது. நோயாளி நீங்கிச் சென்ற அறையின் காற்றிலும் வைரசு இரண்டு மணிநேரம்வரை நிலைத்திருக்க வல்லது. வாசலில் வேப்பிலை ஏறும்போது பிள்ளை பாலர் பாடசாலைக்கும் கலியாண வீட்டுக்கும் போய் வந்துவிட்டிருக்கும்.

இந்நோயின் நடையை முதன்முதல் ஒழுங்குறக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் பல்கலைக்கழகப் படிப்பை அண்மையில் முடித்திருந்த இளைஞர் என்பது மாணவருலகு மகிழக்கூடிய செய்தி. 1846 இல் வட அத்திலாந்திக்கின் பாரோ தீவுகளில் ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேரளவில் சின்னமுத்துக் கண்டபோது, டென்மார்க் அரசு 25 வயதினரான பீற்றர் பனும் என்ற மருத்துவரையும் அங்கு அனுப்பியது. ஊர் ஊராகச் சென்று, யார் எப்போது யாரைச் சந்தித்தனர் எனக் குறித்த அவர், தொற்றிய நாளுக்கும் பரு தோன்றும் நாளுக்குமிடையே ஏறக்குறைய இரு வாரங்கள் செல்வதை நிறுவினார். 1781 இல் அத்தீவுகளில் பரவிய சின்னமுத்தை இளமையில் அனுபவித்த முதியவர்களை, 65 ஆண்டுகளின் பின் வந்த இந்நோய் தீண்டவில்லை என்பதையும் அவர் கண்டார். ஒருமுறை பெற்ற எதிர்ப்பாற்றல் ஆயுள்வரை நிற்கக்கூடும் என்ற இவ்வுண்மையே பின்னாளில் தடுப்பூசி முயற்சிக்கு நம்பிக்கையளித்தது.

அறிகுறி கண்டபின் பிறரைக் காத்தல் இயலாதெனின், அக்கடமை அறிகுறிக்கு முன்னரே நிறைவேற்றப்படல் வேண்டும். யாருக்காக? பிறந்த குழந்தையின் உடலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் சில மாதங்கள் நிற்கின்றன. அவை ஊசிமருந்தைப் பயன்படவிடாமலும் தடுக்கின்றன. அவை குறைந்துபோன காலத்துக்கும் ஊசி போடப்படும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையே குழந்தை காவலற்றிருக்கின்றது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளைக்கு இவ்வூசியே போடவியலாது. சுற்றியுள்ளோரின் எதிர்ப்பாற்றலே இவர்களுக்கு மதில். எதிர்ப்பாற்றலற்ற கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றைக் கொடுக்க வல்லவன் என்பதால், நூற்றுக்கு 95 பேரளவில் காப்புப் பெற்றிருந்தாலன்றி அம்மதில் நிற்பதில்லை.

இமானுவேல் கான்ற், 1797 இல் வெளியிட்ட ஒழுக்கத்தின் மீமெய்யியல் என்ற நூலில், தற்கொலை பற்றிய பகுதியிலேயே, பெரியம்மைக்கெதிராக அந்நாளிற் செய்யப்பட்ட அம்மைகுத்தல் அனுமதிக்கத்தக்கதா என வினவி, விடை கூறாது விட்டார். நோயாளியின் பருவிலிருந்தே எடுத்துக் குத்தும் அம்முறையில் உயிராபத்து மெய்யாகவே இருந்தமையால், அவரது தயக்கம் விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆயினும் அவர் தன்னுயிரைத் தானே பணயம் வைப்பவனைப்பற்றி மட்டுமே கேட்டார். அயலான் அவ்வினாவில் இடம்பெறவில்லை.

இன்றைய சின்னமுத்து ஊசியால் விளையும் கடுந்தீங்கு மிக அரிது. சிறு காய்ச்சலே பெரும்பாலும் காண்பது. ஆதலின் எஞ்சி நிற்கும் வாதம் வேறு: ஊரார் பிள்ளைகள் எல்லாம் ஊசி பெற்றுவிட்டால் தன் பிள்ளைக்கு அது எதற்கு என்பதாகும். இது அறியாமையால் எழும் வாதமன்று. ஒரு வீட்டளவில் அதன் கணக்குச் சரியானதே. அதனாலேயே இஃது அறிவுப் பிரச்சினையாக மட்டும் நில்லாது அறப்பிரச்சினையாகின்றது. எல்லாருக்கும் பொதுவிதியாக்கவியலாத விதிப்படி ஒழுகாதே என்ற கான்ற்றின் கொள்கையே இதற்கு மறுப்பாகலாம். அவ்வளவு தூரம் போகாமலே ஒன்று கூறலாம்: நாட்கூலியை இழந்து கிளினிக்குக்கு வந்த ஏழைத்தாயின் பிள்ளை அழுது பெற்ற காப்பின் நிழலில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விலை கொடாது இருக்கின்றது.

ஆயினும் ஊசி போடாத பெற்றோர் எல்லாரையும் சுயநலமிகள் எனல் நேர்மையாகாது. சமோவாத் தீவுகளில் 2018 இல் இரு குழந்தைகள் ஊசி பெற்ற சிறுபொழுதில் இறந்தன. மருந்துத் தூளை நீருக்குப் பதிலாகத் தசைதளர்த்தும் மருந்தொன்றிற் கலந்தமையே காரணம். அரசு பல மாதங்கள் ஊசித் திட்டத்தை நிறுத்தியது; மக்களின் அச்சமோ அதன் பின்னரும் நீங்கவில்லை. 2019 இன் இறுதியிற் பரவிய சின்னமுத்து, இரண்டு இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் 83 உயிர்களைக் கொண்டது. மிகப் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். அங்கு அஞ்சிய தாய் கண்ணால் கண்டதற்கு அஞ்சினாள். நம்பிக்கையை இழக்கச் செய்தவர்களும், அதனை மீளக் கட்டியெழுப்பாது தாமதித்தவர்களும், அவ்வச்சத்தைத் தூரதேசங்களிலிருந்து ஊதி வளர்த்தவர்களும் அவளைவிட மிகுதியாகப் பொறுப்புக் கூறவேண்டியவர்கள். அவ்வாண்டு டிசம்பரில் நாடெங்கும் அலுவல்களை நிறுத்தி வீடு வீடாக ஊசி போடப்பட்டபோது, ஊசி பெறாதோர் உள்ள வீடுகளின் முன்னால் சிவப்புத் துணி கட்டுமாறு அரசு பணித்தது. வேப்பிலை வராதே என்று சொன்னது. இத்துணியோ, இங்கே காவலற்றவர் உளர், வாருங்கள் என்று அழைத்தது.

இலங்கையிலும் பொறுப்புத் தாய்மாருடன் முடிவதன்று. முதல் ஊசி 2011 இல் ஒன்பதாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வயது ஏறினால் ஊசி நன்கு பலிக்கும் என்ற நியாயம் அதற்கிருந்தது. 2013 இலும் அதனையடுத்தும் சின்னமுத்துப் பரவியபோது ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் பலர் நோயுற்றனர்; 2015 இல் ஒன்பதாம் மாதமே மீண்டும் விதியாயிற்று. குறித்த நாளில் குழந்தையைக் கொண்டுவந்த தாய் எவரும் இங்கே தவறிழைக்கவில்லை. 2019 ஜூலையில் இந்நாடு சின்னமுத்தை ஒழித்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023 இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில், தெரிந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில், ஆறு மாதம் நிறைந்து ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போடப்பட்டது. அவ்வூசி வழமையான அட்டவணையிற் சேராது. ஒன்பதாம் மாதத்தில் அதே குழந்தைகளைத் தாய்மார் மீண்டும் கொண்டுவரவேண்டியிருந்தது.